வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்பு

கண்ணை மூடுங்கன்னு பெரிய டீச்சர் சொல்லியாச்சு, இருநூத்திப் பதினாலு பிள்ளைகளும் மூடியாச்சு, நான் மட்டும் முழுசா மூடலை. பாதி மூடி, இமைக்கு அடியில ஒரு கீத்து விட்டு வச்சிருக்கேன். எனக்கு நேர் எதிர நிக்கது அக்சாள்தான். ஏழாம் வகுப்பு வரிசையில அவதான் குட்டை, அதனால என்னைக்கும் முதல் ஆள், என்னைக்கும் என் மூஞ்சிக்கு எதிர. ரெண்டு கையையும் கூப்பி, உதட்டை அசைக்காம, கண்ணை இறுக்கி மூடிட்டு நிக்கா. நிஜமாவே மூடியிருக்காளா, இல்ல என்னை மாதிரி கீத்து விட்டிருக்காளா, யாரு கண்டா? அவ பாக்காளான்னு நான் பாக்கேன், நான் பாக்கேனான்னு அவ பாக்கா, இதுக்கு நடுவுல ஜெபம். நல்லா இருக்கு போ. வாத்திமார் வரிசையில ஞானசிங் சார் மழை வருமான்னு பாக்க மாதிரி முகத்தை மேல தூக்கிக்கிட்டு நிக்காரு, அந்தாளுக்கும் கண்ணு மூடலைன்னுதான் நினைக்கேன். படியில பெரிய டீச்சர், அவங்க முன்னால மேசை, மேசை மேல ஜெபக்குறிப்புப் பெட்டி. நீலப் பெயிண்ட் அடிச்ச மரப்பெட்டி, மேல ஒரு துவாரம், சின்னப் பூட்டு. வாரம் முழுக்க வராண்டாவுல இருக்கும். பிள்ளைக யாருக்காக ஜெபிக்கணுமோ ஒரு சீட்டுல எழுதி, பேரு போடாம, மடிச்சுப் போடலாம். வெள்ளிக்கிழமை காலையில பெரிய டீச்சர் திறந்து ஒவ்வொண்ணா வாசிச்சு எல்லார் முன்னாலயும் ஜெபிப்பாங்க. சாவி வாரம் ஒரு டீச்சர்கிட்ட இருக்கும், இந்த வாரம் என்கிட்ட. உள்ள எத்தனை சீட்டு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், பதினாறு. பதினேழு இருந்துது, ஒண்ணு என் கைக்குட்டைக்குள்ள இருக்கு.

முதல் சீட்டை எடுக்காங்க. மைக் விளையாட்டுப் போட்டி அன்னைக்கே ரிப்பேர், இன்னும் சரி பண்ணலை, அவங்களுக்கு வேற தொண்டை கட்டியிருக்கு. உப்பளக் காத்து வேற அடிக்கி, வாசிக்கது பாதி காத்தோட போகுது. எங்க அப்பா குடியை விடணும். அதுக்கு ஜெபம். பெரிய டீச்சர் ஜெபிச்சா ஒரு அப்பாவோட நிக்காது, ஊருல உள்ள அப்பாமார் எல்லாரையும் உள்ள இழுத்துக்குவாங்க, அப்புறம் கடை, கடை இருக்க ரோடு, ரோட்டுல போற பிள்ளைகள்னு போயிட்டே இருக்கும். போகட்டும். எவ்வளவு நேரம் போகுதோ அவ்வளவுக்கு நல்லது, முதல் பீரியடு மணி அடிச்சா மிச்சச் சீட்டை அடுத்த வாரத்துக்கு வச்சிருவாங்க. ரெண்டாவது, அரையாண்டுப் பரீட்சையில கணக்குல பாஸாகணும். ஆறாம் வகுப்புக்காரன்தான், சந்தேகமே இல்ல. மூணாவது, எங்க ஆடு குட்டி போடணும். எனக்கு ஒவ்வொரு சீட்டும் தெரியும், நேத்து சாயங்காலமே எல்லாத்தையும் வாசிச்சுட்டேனே. பத்தொன்பது வருசத்துல முதல் தடவை. இந்தப் பள்ளிக்கூடத்துல கொய்யாக்காயைத் திருடுத பயலுக உண்டு, சத்துணவு முட்டையை ரெண்டு தடவை வாங்குத பயலுக உண்டு, அந்தப் பெட்டியை எவனும் தொட்டது கிடையாது. நான் தொட்டேன். எல்லாரும் போன பிறகு ஆசிரியர் அறையில கதவைச் சாத்திக்கிட்டு, ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். பன்னெண்டாவதோ பதிமூணாவதோ, பென்சில்ல எழுதினது, அக்சாளுக்காக ஜெபிக்கவும். அவ்வளவுதான். காரணம் கிடையாது. காரணம் எழுதியிருந்தாக்கூட மனசு இவ்வளவு அடிச்சிருக்காது. எழுதாம விட்டதுதான் சூழ்ச்சி. பெரிய டீச்சர் வாசிப்பாங்க, எந்த அக்சாள், எதுக்குன்னு கேப்பாங்க, அவளைக் கூப்பிடுவாங்க, செவ்வாக்கிழமை விசயம் தானா வெளிய வரும். பிள்ளைப் புத்தி இல்ல இது. பெரிய ஆளு புத்தி.

யாரு? ஏழாம் வகுப்புல எல்லாரும் பேனா. பென்சில்னா அஞ்சாம் வகுப்புக்குக் கீழ, இல்லைன்னா கையெழுத்தை மறைக்கணும்னு நினைச்ச ஆளு. நேத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால முப்பத்தொரு வீட்டுப்பாட நோட்டையும் விரிச்சு வச்சு 'ஜெ' எழுத்தை ஒவ்வொருத்தரோடதும் பாத்தேன், ஒண்ணும் ஒத்து வரலை. ஞானசிங் சாரா? மே மாசம் பெரிய டீச்சர் ஓய்வு. அடுத்து அந்த நாற்காலிக்கு நானா அவரான்னுதான் பேச்சு. சீனியாரிட்டியில நான் ஏழு மாசம் முந்தி. ஏழே மாசம். பிள்ளையை அடிச்ச டீச்சர்னு தாளாளர் காதுக்கு ஒரு வார்த்தை போனாப் போதும், சோலி முடிஞ்சுது. அந்தாளு வாயால சொல்ல மாட்டாரு, சிரிச்சே காரியத்தை முடிப்பாரு. அன்னைக்கும் சிரிச்சாரே. அந்தச் சிரிப்புதானே எல்லாத்துக்கும் காரணம். செவ்வாக்கிழமை கேரல் பயிற்சி, சனிக்கிழமை போட்டி, மூணு வருசமா ஷீல்டு நம்ம பள்ளிக்கூடத்துக்கு வரலை, நான்தான் பாட்டுக்குப் பொறுப்பு, அவரு கீபோர்டு. நான் கையை மடக்கினா நிறுத்தணும்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். மடக்கினேன், முப்பது பேரும் டக்குனு நிறுத்தினாங்க, இவ ஒருத்தி கண்ணை மூடிட்டுப் பாடிக்கிட்டே போறா, ஒரு முழு வரி, தனியா, அதுவும் என்ன சத்தமா. பிள்ளைக எல்லாம் கொல்லுனு சிரிச்சுட்டாங்க. அது போகட்டும், பிள்ளைக. அவரு கீபோர்டுல ரெண்டு விரலை வச்சுக்கிட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு, உங்க பயிற்சி லெச்சணம் இதுதானான்னு கேக்க மாதிரி. நான் போயி கன்னத்துல ஒரு தட்டு தட்டினேன். தட்டுதான். எந்த டீச்சர் தட்டலை? என்னைப் படிப்பிச்ச டீச்சர் பிரம்பு முறியுற வரைக்கும் அடிச்சாங்க, நான் என்ன செத்தா போயிட்டேன்?

கிறிஸ்மஸ் ஸ்டார் கட்ட முடியலை, மழை பெய்யக் கூடாது. இது எட்டாவது சீட்டு. பிள்ளைகள் சிரிப்பை அடக்குதாங்க, பெரிய டீச்சர் சிரிக்காம ஜெபிக்காங்க, விவசாயிக்கு மழையும் வேணும், பிள்ளைக ஸ்டாருக்கு வெயிலும் வேணும், உமக்குச் சித்தம் எதுவோன்னு. நல்ல மனுசி. அவங்ககிட்ட இன்னைக்கே போயிச் சொல்லியிருந்தா என்ன? என்ன சொல்ல? டீச்சர், ஒரு பிள்ளையைத் தட்டினேன், இப்போ அது செவிடு மாதிரி நடிக்கின்னா? ஆமா, நடிப்புதான். புதன்கிழமை தமிழ் சொல்வதெழுதுதல், ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன டீச்சர், என்ன டீச்சர்னு தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கேக்கா. இருபதுல நாலுதான் எழுதியிருந்தா. போன வாரம் பதினெட்டு. எனக்கு அப்பவே சந்தேகம். மத்தியானம் அவ பின்னால போயி, அக்சாள், உனக்கு முட்டாய் வச்சிருக்கேன்னு மெதுவாச் சொன்னேன். திரும்பலை. பாத்தியா, எவ்வளவு உசாருன்னு நினைச்சேன், சோதிக்கேன்னு தெரிஞ்சு திரும்பாம இருக்கா. நேத்து சுதாரிச்சுக்கிட்டேன். எல்லாரும் கணக்குப் போட்டுட்டு இருக்கும்போது ஒரு ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்துச் சிமிண்டுத் தரையில போட்டேன், படார்னு. திரும்பினா. பிடிபட்டியாடின்னு அவ்வளவு சந்தோசம் எனக்கு, ரெண்டு நாள் பாரம் இறங்கின மாதிரி, ஆசிரியர் அறையில போயி ரெண்டு டீ குடிச்சேன். ஆனா சாயங்காலம் பஸ்ஸுல வரும்போது அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருது, அவ திரும்பினது கடைசியா. பக்கத்துல இருந்தவ திரும்பினா, முன்னால இருந்தவன் திரும்பினான், வகுப்பே திரும்பிச்சு, அதைப் பாத்துட்டு அவ திரும்பினா. பாக்ஸைப் பாக்கலை. மத்தவங்க மூஞ்சியைப் பாத்தா, எதுக்குத் திரும்பினாங்கன்னு. அப்படி நான் பாத்தேனா, இல்ல என் மனசு இப்போ சேத்துச் சொல்லுதா? தெரியலை. பஸ்ஸை விட்டு இறங்கினேன், நேரா திரும்ப ஏறிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தேன், பெட்டியைத் திறந்தேன்.

அவ அம்மா வேற. ராஜகிளி. உப்பளத்துல வேலை, ஆறு மணி வரைக்கும் உப்பு வாருவா, பிள்ளையைச் சேத்து விட்டதுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே கிடையாது, பெத்தவங்க கூட்டத்துக்குக்கூட வர மாட்டா, கூலி போயிரும்னு சொல்லி அனுப்புவா. புதன்கிழமை நாலு மணிக்கு கேட்டுல நிக்கா, காலெல்லாம் உப்பு வெள்ளை, தலையில துண்டு. எனக்குப் பகீர்னு ஆயிட்டு. என்னம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா பிள்ளையைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்னா. சும்மாவா? உப்பளத்தை விட்டுட்டு? பெரிய டீச்சர் ரூம் பக்கம் போறாளான்னு பாத்துக்கிட்டே நின்னேன், போகலை. வியாழக்கிழமையும் வந்தா. பன்னெண்டு வயசுப் பிள்ளையைக் கையைப் பிடிச்சுக்கிட்டு, லாரி போற ரோட்டுல தான் வெளிப்பக்கமும் அவ உள்பக்கமுமா, எல்லாரும் பாக்கும்படியா நடந்து போறா. நாடகம்னு நினைச்சேன். ஊரைக் கூட்டுததுக்கு முன்னால ஊருக்குக் காட்டுதான்னு. என்கிட்ட வந்து நாலு வார்த்தை கத்தியிருந்தா நான் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். அவ கும்பிடு போட்டா. கும்பிடு போடுதவளை எப்படி நம்ப?

போன வருசம் ஜூன் மாசம், ஆறாம் வகுப்புல சேக்க வந்தப்ப, அவ ஏதோ சொன்னா. கூட்டம், மாற்றுச் சான்றிதழ், புகைப்படம், ஒருத்தர் மேல ஒருத்தர். என் மேசைக்கு வந்து குனிஞ்சு சொன்னா. காது. ஆமா, காதைப் பத்தித்தான். எல்லா அம்மாவும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க, முன் பெஞ்சு வேணும்னா ஒருத்திக்குக் கண்ணு, ஒருத்திக்குக் காது, ஒருத்திக்கு வீசிங். பிள்ளைக்குச் சின்ன வயசிலேயே காதுல சீழ் வடிஞ்சு ஒரு காது போச்சு டீச்சர், ஒரு காதுதான், கொஞ்சம் முன்னால உக்கார வைங்கன்னா. நான் சரின்னேன். உயரத்துல சின்னவ, எப்படியும் முன்னாலதான் உக்காருவா, அதோட மறந்துட்டேன். எந்தக் காது? அதை யோசிக்கக் கூடாது. யோசிச்சா என்ன, ஒரு காது போனதுக்கு நான் பொறுப்பா? வலதுன்னு சொன்னா. வலது காதைத் தொட்டுக் காட்டினா, அவ விரலு எனக்கு இப்போ தெரியுது, உப்புல வெடிச்ச விரலு. சரி, வலது. நான் எந்தக் கையால தட்டினேன்? எழுதுத கையால. எதிர நிக்க பிள்ளைக்கு என் வலது கை எந்தக் கன்னத்துல படும்? இதுக்கு என்ன பெரிய கணக்கு, மூணாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஏழாம் வகுப்புக்குத் தமிழோட கணக்கும் நான்தான் எடுக்கேன், மூணு நாளா இந்தக் கணக்கைப் போடாம சுத்திச் சுத்தி வாரேன். இப்போ முந்தானைக்குள்ள கை லேசா எழும்பி அந்தப் பக்கமாப் போகுது, யாரும் பாக்காங்களான்னு இறக்கிக்கிட்டேன். இடது. இடது கன்னம், இடது காது. மிச்சம் இருந்த காது. தட்டுன்னு சொல்லுதேன், தட்டினா பிள்ளை ரெண்டு அடி தள்ளிப் போயி பெஞ்சுல சாயுமா? பளார்னு சத்தம் கேட்டுது, கீபோர்டு நின்னுட்டு, சிரிச்ச முப்பது பேரும் வாயை மூடிட்டாங்க. அடி. அறைஞ்சேன். ஆண்டவரே, நான் அறைஞ்சேன். ஆனா ஒரு அறையில காது போகுமா? போகாது. போகவே போகாது. ரெண்டு நாள் இரைச்சல் இருக்கும், சரியாயிரும். அவ அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பா. போயிருப்பாளா? ஒரு நாள் கூலியை விட்டுட்டா? என்னான்னு சொல்லுவா அங்க, டீச்சர் அடிச்சாங்கன்னா? சொல்ல மாட்டா. கும்பிடு போடுதவ சொல்ல மாட்டா. சொல்ல மாட்டான்னு நினைக்கும்போது எனக்கு நிம்மதியா இருக்கு, அந்த நிம்மதி எனக்கே அசிங்கமாவும் இருக்கு.

பதினஞ்சு. கேரல்ல ஷீல்டு கிடைக்கணும். பதினாறு, பாட்டிக்குக் கண் ஆபரேசன். முடிஞ்சுது. கைக்குட்டையை இறுக்கிப் பிடிக்கேன். முடிஞ்சுதுல்ல? பெரிய டீச்சர் பெட்டிக்குள்ள இன்னும் கையை விடுதாங்க. என்ன தேடுதாங்க? பதினாறுதானே. ஒரு சீட்டை எடுக்காங்க. நான் பாக்காத சீட்டு. காலையில எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவுல எவனோ போட்டிருக்கான், அதை நான் யோசிக்கவே இல்ல. விரிக்காங்க, கண்ணாடியை ஏத்தி விடுதாங்க. அக்சாளுக்காக ஜெபிக்கவும்னு ஒரு பிள்ளை எழுதியிருக்கு, எதுக்குன்னு எழுதலை, ஆண்டவருக்குத் தெரியும்னு சொல்லுதாங்க. நேத்து எடுத்தேன், இன்னைக்குத் திரும்பப் போட்டிருக்காங்க, நான் எடுத்ததும் தெரிஞ்சிருக்கு. ஞானசிங் சாரைப் பாத்தேன். அவரு கண்ணு மூடித்தான் இருக்கு, நெஜமாவே மூடியிருக்கு, உதடு அசையுது, அக்சாள் அக்சாள்னு. மனுசன் ஜெபிக்காரு. பெரிய டீச்சர் இந்த மகளுக்கு நல்ல புத்தியையும் சுகத்தையும் கொடும்னு பொதுவா ஜெபிச்சு முடிக்காங்க. யாரையும் கூப்பிடலை, எதையும் கேக்கலை. எனக்கு எதிர நிக்க அவளைப் பாத்தேன். தன் பேரை இருநூறு பேருக்கு முன்னால சொல்லியிருக்கு, ஒரு பிள்ளைக்குக் கன்னமாவது சிவக்கணும், கூப்பின விரலாவது அசையணும். ஒண்ணும் இல்ல. மரம் மாதிரி நிக்கா. என்ன நெஞ்சழுத்தம் இவளுக்குன்னு நினைச்சேன், இந்த வயசுலயா. அப்புறம் மெதுவா மூச்சு வந்துது. தப்பிச்சேன். சனிக்கிழமை போட்டி, அடுத்த வாரம் பரீட்சை, அப்புறம் கிறிஸ்மஸ் லீவு. ஜனவரியில யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மௌன ஜெபம் ஒரு நிமிசம். அது முடிஞ்சதும் பெரிய டீச்சர் மேசை மணியைத் தட்டினாங்க, டிங்குனு ஒரே ஒரு தட்டு. தட்டினா கண்ணைத் திறக்கணும், வாயைத் திறக்காம வரிசை வரிசையா வகுப்புக்குப் போகணும், அதுதான் வழக்கம். ஒண்ணாம் வகுப்பு போச்சு, ரெண்டு போச்சு, மணல்ல செருப்புச் சத்தம். ஆறாம் வகுப்பும் போச்சு. எங்க வகுப்பு போகலை. முதல் ஆளு நகர்ந்தாத்தானே பின்னால உள்ளவங்க நகரணும். அக்சாள் கையைக் கூப்பி, கண்ணை மூடிட்டு நிக்கா. அவளுக்குப் பின்னால முப்பது பிள்ளைகளும் கண்ணைத் திறந்து நிக்காங்க. ஒருத்தர் அவ தோளைத் தொட்டாப் போதும். ஒருத்தரும் தொடலை. முப்பது பேரும் என்னைப் பாக்காங்க. அவங்க பார்வையில குத்தம் சாட்டுத மாதிரிகூட ஒண்ணும் இல்ல, டீச்சர் என்ன செய்வாங்கன்னு பாக்காங்க, அவ்வளவுதான். பென்சில் யாரு பென்சில்னு இனிமே எனக்குத் தெரிய வேண்டாம், முப்பது பேருல யாரோடதா இருந்தா என்ன. நான் அவளையே பாக்கேன். இமை துடிக்கலை. கீத்து விட்டுப் பாக்க பிள்ளைக்கு இமை துடிக்கும், எனக்கு இவ்வளவு நேரமும் துடிச்சுதே. இவ மணிக்குக் காத்துக்கிட்டு நிக்கா.

பெரிய டீச்சர் படியை விட்டு இறங்கி வந்தாங்க. அவளைப் பாத்தாங்க, அவங்க முகமே மாறிட்டு, கண்ணுல தண்ணி கட்டிட்டு. "தொந்தரவு செய்யாதீங்க தபித்தாள், பிள்ளை ஜெபத்துல உருகி நிக்கி. இந்த வயசுல இப்படி ஒரு ஜெபம் நான் பாத்ததே இல்ல," அப்படின்னு என்கிட்ட மெல்லச் சொன்னாங்க. எட்டாம் வகுப்பு டீச்சரும் ஆமா டீச்சர்னு கை கூப்பினாங்க. ஞானசிங் சார் மணலைப் பாத்துட்டு நின்னாரு. எனக்குப் புரிஞ்சுட்டு, தப்பிக்க வழி தானா வந்து நிக்கி. ஆமா டீச்சர்னு ஒரு வார்த்தை போதும். அப்புறம் நானே போயி அவ தோளைத் தொட்டு, ஜெபம் போதும்மான்னு கூட்டிட்டுப் போயிரலாம். திங்கக்கிழமை அசெம்பிளியில அவளைக் கூப்பிட்டுப் பாராட்டுவாங்க, கேரண்டி. பின்னால நிக்க முப்பது பேரும் சாகுத வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாங்க, எனக்கு நல்லாத் தெரியும், நான் வளர்த்த பயம் அது. மே மாசம் நாற்காலி. பெரிய டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே நிக்காங்க. ஆமா டீச்சர்னு சொல்ல வாயைத் திறந்தேன். அவ கன்னத்துல, காதுக்குக் கீழ, மஞ்சளும் பச்சையுமா ஒரு தடம், மூணு நாளா எண்ணெய் பூசி மறைச்சிருக்கா, இவ்வளவு பக்கத்துல நின்னும் நான் பாத்ததே இல்ல.

"ஜெபம் இல்ல டீச்சர்," அப்படின்னேன். என் குரல் எனக்கே பெருசாக் கேட்டுது. "மணி அவளுக்குக் கேக்கலை. செவ்வாக்கிழமை நான் காதோட சேத்து அறைஞ்சேன். கேட்டுக்கிட்டிருந்த காது அது ஒண்ணுதான்."

வராண்டாவுல போயிக்கிட்டிருந்த ஆறாம் வகுப்பு வரைக்கும் நின்னு திரும்பிப் பாத்துது. அக்சாள் மட்டும் இன்னும் கண்ணைத் திறக்கலை.